கூண்டுக்குள் அடங்கணும்

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் நின்றபடியே பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளில் ரெண்டு பேர் போன மாதம் கோலார் தங்கவயல் நந்திதுர்க்கில் என் வீடு தேடி வந்தார்கள். ஒருத்தி என் தங்கையின் பேத்தி, இயற்பியல் முடித்தவள். கூட வந்தவன் அவளோடு படித்த பையன், எலக்ட்ரானிக்ஸ். லேசர் செய்கிற இடமொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார்கள். "தாத்தா, ஃபெம்டோ நொடி பல்ஸுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்யணுமாம். ஆனா சூட்கேஸ் அளவுக்குள்ளே இருக்கணுமாம். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலையில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். டீ ஆறிப்போகும் வரை பேசியும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். வரிசை பார்க்காதீர்கள், நினைவுக்கு வந்தபடி எண் போட்டிருக்கிறேன்.

1. பெட்டியை முதலில் முடிவு செய். எங்கள் அப்பா சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கிற வேலை செய்தவர். ஆளையும் சாமானையும் இறக்குகிற கூண்டைக் காட்டி, "கூண்டுக்குள்ள அடங்காதது கீழ போகாது" என்பார். பம்பாயிலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன (டி.ஐ.எஃப்.ஆர்.) விஞ்ஞானிகள் 1980 வாக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடக் கருவி அமைத்தார்களே, 140 டன் எடை, அதுவும் துண்டு துண்டாக இறங்கியதுதான். கீழே கோத்துக்கொள்ளும்படி மேலேயே யோசித்து வெட்டியிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு என்னவென்றால், மூன்று மீட்டர் மேஜை முழுக்கப் பரப்பி ஓட வைத்துவிட்டு, "இனி இதைச் சுருக்கிவிடலாம்" என்று கிளம்புவது. சுருங்காது. மேஜையில் சூடு பரவ இடம் இருந்தது, கை நுழைய இடம் இருந்தது, கற்றை தானாக விரிந்து அடங்கவும் இடம் இருந்தது. பெட்டியில் இந்த மூன்றும் இருக்காது. முதல் நாளே சாக்பீஸ் எடுத்துத் தரையில் பெட்டியின் அளவை வரை. அதற்கு வெளியே ஒரு திருகுகூட இருக்கக் கூடாது.

2. "ஹை பவர்" என்று யாராவது சொன்னால், எந்தப் பவர் என்று கேள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே வருஷக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல்ஸில் 1 மில்லிஜூல் இருக்கிறதென்று வை. நாலைந்து அரிசியை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அவ்வளவுதான் செலவாகும். அதையே 100 ஃபெம்டோ நொடிக்குள் கொட்டினால் உச்சத் திறன் 10 கிகாவாட். கூடங்குளத்தில் ஓடுகிற ரெண்டு 1000 மெகாவாட் உலைகளையும் சேர்த்து அதுபோல ஐந்து மடங்கு. அந்த நேரத்தில் ஒளி போகிற தூரம் வெறும் 30 மைக்ரான், உன் தலைமுடியின் பருமன்கூட இல்லை. இந்த உச்சத் திறன் கண்ணாடியை உடைக்கும்.

சராசரித் திறன் என்பது வேறு பூதம். அதே பல்ஸை நொடிக்கு ஆயிரம் தடவை விட்டால் 1 வாட், லட்சம் தடவை விட்டால் 100 வாட். இது உடைக்காது, சுடும். இந்தோரில் ராஜா ராமண்ணா மையத்திலும் மும்பையில் டி.ஐ.எஃப்.ஆரிலும் இருக்கிற 150 டெராவாட் வகை லேசர்கள் முதல் ஜாதி: பல்ஸுக்குச் சில ஜூல், 25 ஃபெம்டோ நொடி, நொடிக்குச் சில பல்ஸ்கள், பெரிய அறை. நீங்கள் செய்யப்போவது ரெண்டாம் ஜாதி: சின்ன பல்ஸ், லட்சக்கணக்கில். கைபேசிக் கண்ணாடியை வெட்டுவதற்கும், ரத்தக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட்டைச் செதுக்குவதற்கும், லேசிக் சிகிச்சையில் விழிப்படலத்தை மடல்போல் பிரிப்பதற்கும் வேண்டியது இதுதான். கண் சிகிச்சைக்கு மைக்ரோஜூல் அளவே போதும்.

3. நீட்டு, பெருக்கு, மடக்கு. ஷிஃப்ட் மாறச் சங்கு ஊதினதும் ஒரு ஷிஃப்ட் ஆள் முழுக்க ஒரே கூண்டில் ஏற முடியுமா? வரிசையில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கீழே போய் மறுபடி ஒரே கூட்டமாகச் சேர்வார்கள். 1985-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் ஒளிக்குச் செய்தது இதுதான். குறும்பல்ஸுக்குள் பல நிறம் இருக்கிறது. சிவப்பை முன்னே விட்டு நீலத்தைப் பின்னே நிறுத்தினால் பல்ஸ் ஆயிரக்கணக்கான மடங்கு நீளும், உச்சம் அதே அளவு தணியும். தணிந்த நிலையில் ஆம்ப்ளிஃபயருக்குள் கூட்டிப் போய்ப் பெருக்கி, வெளியே வந்ததும் நிறம் பிரிக்கிற கிரேட்டிங் இணையில் முன்னே போனவரை நிறுத்திப் பின்னே வந்தவரைச் சேர்த்துவிடு. அவர்கள் நீட்டுவதற்குப் பயன்படுத்தியது 1.4 கிலோமீட்டர் ஃபைபர். பாப்பா, ஸ்ட்ரிக்லண்ட் அப்போது முனைவர் பட்ட மாணவி, அது அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. அதற்குத்தான் 2018-ல் நோபல் வந்தது.

ஏன் தணிக்க வேண்டும் என்பதற்கு ஒரே எண்ணை மனப்பாடம் செய்: 4 மெகாவாட். சிலிக்காக் கண்ணாடிக்குள் 1 மைக்ரான் அலைநீள ஒளியின் உச்சத் திறன் ஏறக்குறைய அதைத் தாண்டினால், கற்றை தன்னைத் தானே லென்ஸ்போல் குவித்துக்கொண்டு கண்ணாடியைத் துளைத்துவிடும். கற்றையை அகலப்படுத்தித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. இந்த எல்லை திறனுக்கு, பரப்புக்கு அல்ல. 1 மில்லிஜூலை 1 நானோ நொடிக்கு நீட்டினால் 1 மெகாவாட், ஃபைபர் தாங்கும். 100 பிக்கோ நொடிக்குத்தான் நீட்டினாய் என்றால் 10 மெகாவாட், ஃபைபர் போச்சு. எல்லைக்குக் கீழேயே நின்றாலும் கண்ணாடியில் போகப் போக ஒளியின் கட்டம் கோணிக்கொண்டே வரும். அந்தக் கோணலின் கூட்டுத்தொகையை பி இன்டெக்ரல் என்பார்கள். அதை ஒன்றுக்குள் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றைத் தாண்டினால் மடக்கிய பல்ஸின் ரெண்டு பக்கமும் வால் முளைக்கும்.

4. நீட்டுவதில் பேராசை கூடாது. நீட்டியதை எல்லாம் மடக்கியாக வேண்டும், மடக்கி பெரிதானால் பெட்டி பெரிதாகும். கடன் வாங்குவதுபோல. பெட்டிக்காரர்களுக்கு வழியும் உண்டு: கண்ணாடிக் கட்டிக்குள்ளேயே படிப்படியாக இடைவெளி மாறும் கிரேட்டிங்கை எழுதி வைப்பது. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு ஆழத்தில் திரும்பும். 1 சென்டிமீட்டர் கட்டி 100 பிக்கோ நொடி தரும். விரல் நீளக் கட்டி ஒன்று அரை மீட்டர் மடக்கியின் வேலையைச் செய்கிறது. சூடானால் அதன் அளவும் கோணும், கற்றையும் கோணும். அதனால் நீட்டுவதற்குத் தயங்காமல் வை, மடக்குவதற்குச் சராசரித் திறனைப் பார்த்து வை.

5. பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் முதன்முதலில் மடக்கியின் மூடியைத் திறந்து பார்த்தபோது கிரேட்டிங் முகத்தில் மின்னியது தங்கப் பூச்சு. உள்ளங்கை அளவுத் தகட்டில் 100 நானோமீட்டர் பூச்சென்றால் 20 மில்லிகிராம் வரும். இந்த வயல் நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் பொன் கொடுத்தது. அதில் ஒரு பொடிக்கு நம் தாத்தாக்கள் எத்தனை கூடைப் பாறையை ஏற்றினார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

ஆனால் உங்கள் பெட்டிக்குத் தங்க கிரேட்டிங் வாங்காதே. 800 நானோமீட்டர், 1 மைக்ரான் ஒளியைத் தங்கம் நன்றாகவே திருப்பும். ஒரு பங்கை விழுங்கவும் செய்யும். நொடிக்குப் பத்துப் பல்ஸ் விடுகிறவருக்கு அது பொருட்டில்லை. 100 வாட் விடுகிறவருக்கு அந்தச் சில சதவீதமே தகட்டை வளைத்துவிடும். சிலிக்காவில் செதுக்கிய, ஒளி ஊடுருவிப் போகிற கிரேட்டிங்கை எடு. பொன்னை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

6. சூட்டுக்கு வழி வெட்டாமல் எதையும் பொருத்தாதே. இந்தக் காகிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள். சாம்பியன் ரீஃபின் அடி மட்டங்களில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தொடும். ஆள் அங்கே வேலை செய்தது பாறை குளிர்ந்ததால் அல்ல, மேலேயிருந்து காற்றை இறக்கியதால். தோண்டுகிறவனுக்கு முன்னே காற்றுக்குழாய் போகும். ஆம்ப்ளிஃபயரிலும் படிகத்தை யோசிக்கும் முன் தண்ணீர்க்குழாயை யோசி.

எவ்வளவு சூடு வரும் என்பதைப் பொருளே சொல்லிவிடும். டைட்டானியம் சஃபையரை 532 நானோமீட்டர் பச்சையால் பம்பு செய்து 800-ல் ஒளி எடுக்கிறோம். இந்த ரெண்டின் வித்தியாசமே மூன்றில் ஒரு பங்கு. அது முழுக்கச் சூடு. அந்தப் பச்சைக்கு வேறு ஒரு லேசர் வேண்டும், அதற்கு ஒரு டயோடு வேண்டும். மாடிக்கு மேல் மாடி. மேல்மட்டத்தில் ஆற்றல் தங்குவதும் 3 மைக்ரோ நொடிதான். இட்டர்பியம் அப்படியில்லை. 940 அல்லது 976 நானோமீட்டர் டயோடால் நேராகப் பம்பு, 1030-ல் ஒளி. இழப்பு பத்து சதவீதத்துக்குள். ஆற்றல் ஏறக்குறைய ஒரு மில்லி நொடி தங்குவதால் தொடர்ந்து எரிகிற டயோடே போதும். உலகத்தில் பெட்டிக்குள் வந்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை இட்டர்பியம்தான் என்பதற்குக் காரணம் இவ்வளவே. விலையும் உண்டு: சஃபையரின் அகன்ற நிறப்பட்டை இதற்குக் கிடையாது. இட்டர்பியம் யாக்கில் பெருக்கினால் பிக்கோ நொடியை ஒட்டித்தான் நிற்கும். 300 ஃபெம்டோ நொடிக்குள் போக வேண்டுமென்றால் கே.ஜி.டபிள்யூ. என்றொரு படிகம் இருக்கிறது. முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது யாரோ நம்ம ஊர் கே.ஜி.எஃப்.-ஐத் தப்பாக உச்சரிக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு வடிவம். மூன்று குடும்பம் உண்டு. முதலாவது வட்டு: ஸ்டுட்கார்ட்டில் அடோல்ஃப் கீசன் குழு 1990-களில் கொண்டுவந்தது. 0.1, 0.2 மில்லிமீட்டர் தடிமன் அப்பளம், முதுகு முழுக்கக் குளிர்தகட்டில் ஒட்டியிருக்கும். சூடு ஓடவேண்டிய தூரம் அப்பளத்தின் தடிமன் மட்டுமே. ஆனால் ஒரு தடவை கடந்தால் பெருக்கம் சொற்பம். கற்றையைப் பல தடவை சுற்றிவிட வேண்டும், அதற்குக் கண்ணாடிகள் வேண்டும், இடம் வேண்டும். அடுத்தது பலகை: மெல்லிய செவ்வகப் படிகத்தின் ரெண்டு அகன்ற முகமும் உலோகத்தைத் தொட்டிருக்கும். வட்டுக்கும் ஃபைபருக்கும் நடுவே நிற்கிற சமரசம். மூன்றாவது ஃபைபர்: அதையே நூலாக இழுத்துவிட்டது. மேற்பரப்பு தாராளம், சுருட்டி வைக்கலாம், கற்றை உள்ளேயே ஓடுவதால் சாய்ந்துபோக வழியில்லை. ஆரம்பிக்கிறவருக்கு நான் சிபாரிசு செய்வது ஃபைபர்தான், மில்லிஜூலுக்கு வெகு கீழே, மைக்ரோஜூல் கணக்கில். மில்லிஜூல் ஆசை வந்தால் கடைசிப் படியை மட்டும் படிகத்துக்கு மாற்று. தடித்த ஃபைபரில் சராசரித் திறனை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கற்றையின் வடிவம் திடீரென்று தீபச்சுடர்போல் ஆடத் தொடங்கும். அதற்கும் மூலம் சூடே. 2010 வாக்கில்தான் உலகம் அதைக் கண்டுகொண்டது. பார்த்ததும் பம்பை இறக்கு, கண்ணாடிகளைத் திருகி நேரத்தை வீணாக்காதே.

நான் கட்டிய முதல் பெட்டி காலை ஒன்பது மணிக்கு அருமையாக ஓடும், பதினொன்றுக்குப் பாதித் திறன். ஒரு வாரம் கண்ணாடிகளைக் குற்றம் சொன்னேன். பவர் சப்ளையை ஒளிமேடைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். மேடை இட்லித் தட்டுபோல் சூடாகிக்கொண்டிருந்தது.

7. வித்து வராமல் பம்பைத் திறக்காதே. ராக் பர்ஸ்ட் என்றால் என்னவென்று உங்கள் வயசுக்குத் தெரியாது. நள்ளிரவில் அலமாரிப் பாத்திரம் தானாகக் குலுங்கும். சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். சங்கு ஊதுகிறதா என்று பெண்கள் வாசலில் நிற்பார்கள். வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றிப் பாறைக்குள் அழுத்தம் நாள்கணக்கில் சேர்ந்து, ஒழுங்கான வழி கிடைக்காமல் ஒரே நொடியில் வெடித்து வெளியேறுவதுதான் அது. இப்படிப் பாறைக்குள் நடப்பதை ஆராய 1988-ல் நம் ஊரில் பாறை இயந்திரவியல் தேசிய நிறுவனம் வந்தது.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் இதேதான். பம்பு ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சீடு பல்ஸ், அதாவது பெருக்க வேண்டிய வித்து, வந்து அதை முறையாக வாங்கிப் போக வேண்டும். சீடு ஒரு கணம் நின்றால், சேர்ந்தது தானாகவே ஒரு ராட்சத பல்ஸாகக் கிளம்பும். எந்தப் பக்கம் போகும் என்று உத்தரவாதம் இல்லை. எனக்கு ஒரு மாலை நடந்தது: யாரோ சீடின் ஒட்டுப்பெட்டியைத் தட்டிவிட்டார்கள், நான் பம்பில் கை வைத்தேன். "டப்" என்றொரு சின்னச் சத்தம். ஃபைபரின் முனை பட்டாணிக் கடலைபோல் பொரிந்திருந்தது. அந்த ஃபைபரின் விலை என் நாலு மாதச் சம்பளம். மறுநாளே சீடைப் பார்க்க ஒரு போட்டோடயோடு, அது இருண்டால் மைக்ரோ நொடிக் கணக்கில் பம்பை வெட்டும் ஒரு சுற்று. தம்பி, இது உன் வேலை. மென்பொருளில் செய்யாதே, கம்பியில் செய்.

8. தூசி. ஆடிக் காற்றில், பொன் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து கிளம்புகிற வெள்ளைப் பொடியை நாம் சின்ன வயசிலிருந்தே தின்றவர்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து எங்கள் லைனில் இருமல் கேட்காத வீடு குறைவு. லென்ஸுக்கும் அதே நோய்தான், ஒரே வித்தியாசம் அது ஒரே நாளில் சாகும். ஒரு துகள் எரிந்து ஒட்டினால் அந்த இடம் சுடும், சுட்ட இடத்தைச் சுற்றிப் பூச்சு உரியும். பெட்டியை மூடி வை. ஊதிச் சுத்தம் செய்யாதே, வாயில் எச்சில் இருக்கிறது.

9. மோதிரத்தைக் கழற்று. கைக்கடிகாரத்தையும். 1030 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, விழித்திரைக்கு மட்டும் தெரியும். மோதிரத்தில் பட்டுத் தெறித்தது யார் கண்ணில் போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரிகிறவனை ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்பு, உன் மேலதிகாரியாக இருந்தாலும். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கண்ணை மூடிக்கொள். கற்றை போகிற உயரத்தைத் தாண்டித்தான் உன் தலை இறங்கும்.

10. பூஜ்யத்தையும் எழுது. அகன்ற நிறமாலை கிடைத்தால் குறும்பல்ஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிறங்கள் எல்லாம் வந்துவிட்டன, ஒரே நேரத்தில் வந்தனவா என்பதுதான் கேள்வி. பல்ஸின் நீளத்தை அளக்கிற ஆட்டோகோரிலேட்டர் வை. அதையும் முழுக்க நம்பாதே, வாலை மறைத்துவிடும். 1990-களில் ரிக் ட்ரெபினோவும் டேனியல் கேனும் கொண்டுவந்த ஃப்ராக் முறையில் ஒரு தடவை அளந்துவிட்டுப் பேசு. அளந்ததில் ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் தேதி போட்டு எழுது. 1960-களின் தொடக்கத்தில் இந்த ஊரின் ஆழமான மட்டத்துக்கு விஞ்ஞானிகள் காஸ்மிக் கதிர் எண்ணுகிற கருவியை இறக்கினார்கள். 2,700 மீட்டருக்கும் கீழே. ரெண்டு மாத அளவுக்கு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வேறு யாராவது என்றால் கருவி கெட்டுப்போச்சு என்று மூட்டை கட்டியிருப்பார்கள். மேலேயிருந்து வருகிற இரைச்சல் எதுவும் இங்கே எட்டாது, அப்படியானால் நியூட்ரினோவைத் தேட இதைவிட நல்ல இடம் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1965-ல் டி.ஐ.எஃப்.ஆர்., ஒசாகா, டர்ஹம் குழு சாம்பியன் ரீஃபில் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது. அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி நந்திதுர்க்கோடும் மைசூர் மைனோடும் சேர்த்து மூடப்பட்டது. பூஜ்யம் எழுதின அந்த வரி இன்னும் நிற்கிறது.

11. திருகுகளை நம்பாதே, எண்ணிக்கையைக் குறை. பெட்டிக்குள் நகரக்கூடிய கண்ணாடி நாலு இருந்தால் போதும். மற்றதை எல்லாம் சரியான இடத்தில் ஒட்டிவிடு.

12. ஓடுகிறது என்று எல்லோரும் கை தட்டின பிறகு, பெட்டியை மூடி, ஊரகம் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரை மடியில் வைத்துப் போய் வா. குழிக்குக் குழி டிரைவரைத் திட்டாதே, அவர் இலவசமாக உனக்கு அதிர்வுச் சோதனை செய்து தருகிறார். டிசம்பர் என்றால் இன்னும் நல்லது: ராத்திரி திண்ணையில் விட்டுவிடு, விடியற்காலைக் குளிரில் எடு. பிறகு மூடியைத் திறக்காமல், எந்தத் திருகையும் தொடாமல், பவர் மீட்டரை முன்னால் வைத்து ஆன் செய். ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மறுபடி மேஜைக்குக் கொண்டு போ. இறங்காமல் இருந்தால் எனக்கு போன் பண்ணு, ஆட்டோ காசு நான் தருகிறேன்.